குழந்தை உயரத்தில் ஏறினால் தடுக்கணுமா? ‘ரிஸ்க்’ விளையாட்டு கற்றுத்தருவது என்ன?

பூங்காவில் உங்கள் குழந்தை சறுக்குமரத்தில் கீழிருந்து மேலே ஏறுகிறது. “ஏய், விழுந்துடுவே, இறங்கு!” என்று வாய் தானாகக் கத்தும். ஆனால் அந்த நொடியில் குழந்தை ஒரு கணக்குப் போடுகிறது: பிடி உறுதியா இருக்கா? கால் எட்டுமா? இதுக்கு மேல போகலாமா? இறக்கிவிட்டால் கணக்கு பாதியில் நின்றுவிடும்.

எவை ரிஸ்க் விளையாட்டு?

நார்வே ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர் 2007-இல் 6 வகைகளைச் சொன்னார்: உயரம், வேகம், கத்தி போன்ற கருவிகள், நெருப்பு அல்லது ஆழமான நீருக்கு அருகில் ஆடுவது, மல்லுக்கட்டு, பெரியவர்கள் கண்ணில் படாமல் தனியே சுற்றுவது.

ரிஸ்க் வேறு, ஆபத்து வேறு

மரக்கிளையின் உயரம் குழந்தைக்குத் தெரியும். ஏறுவதா வேண்டாமா என்று அதுவே முடிவெடுக்கலாம். அது ரிஸ்க். ஊஞ்சல் சங்கிலி துருப்பிடித்து அறுந்துபோக இருப்பது அதற்குத் தெரியாது. அது ஆபத்து. ஆபத்தை அகற்றுவது உங்கள் வேலை. ரிஸ்க்கை எடைபோடுவது குழந்தையின் பாடம்.

மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள்?

கனடா குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 2024-இல் இத்தகைய வெளிப்புற விளையாட்டை ஆதரித்தது. உடல்நலம், மனநலம், மீண்டெழும் திறன் ஆகியவற்றுக்கு இது உதவும் என்றது. அதற்காக சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

கத்தும் முன் கொஞ்சம் பொறுங்கள். “பார்த்து!” என்பதற்குப் பதில், “அடுத்து கால் எங்க வைக்கப் போறே?” என்று கேளுங்கள். பதிலைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும்.