வாய்க்காலும் வடிகாலும்

தஞ்சைத் தரணியில் நீரைப் பற்றிப் பேச்செடுத்தால் இரு சொற்கள் தவறாமல் வந்து விழும்: வாய்க்கால், வடிகால். முன்னது வயலுக்கு நீர் கொணர்வது. பின்னது மிகுந்த நீரை அகற்றுவது. வாய்க்கால் வறண்டால் பயிர் வாடும். வடிகால் தூர்ந்தால் பயிர் அழுகும். ஆயினும் கல்லணையைப் போற்றும் நாம் வடிகாலைப் போற்றுவதில்லை. மனித உடலைப் பற்றிய அறிவின் வரலாறும் இவ்வாறே நடந்திருக்கிறது.

குருதி உடலெங்கும் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628இல் நிறுவியதைப் பள்ளி மாணவரும் அறிவர். அதற்கு ஆறாண்டுகள் முன்னரே, 1622இல், இத்தாலியில் காஸ்பரே அசெல்லி என்பார், உணவுண்ட நாயொன்றின் குடலருகே பால்போல் வெண்ணிறமான நாளங்களைக் கண்டார். உணவின் கொழுப்பை எடுத்துச் செல்லும் நாளங்கள் அவை. 1653இல் டென்மார்க்கின் தாமஸ் பார்த்தோலின் உடலெங்குமுள்ள இத்தகைய நாளங்களுக்குப் பெயரிட்டார். நாம் அவற்றை நிணநீர் நாளங்கள் என்கிறோம். டேனியர் நமக்கு அயலார் அல்லர். 1620இலேயே தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் காலூன்றியவர்கள். சங்கப் பாடல்களில் நிணம் என்பது கொழுப்பைக் குறிக்கும். அசெல்லி கண்டதை எண்ணினால், நிணநீர் என்னும் புதுச்சொல் எத்துணைப் பொருத்தமாக அமைந்துவிட்டது!

குருதிக் குழாய்களிலிருந்து கசியும் நீர் முழுவதும் அவற்றுக்கே திரும்புவதில்லை. நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை எஞ்சும் நீரை நிணநீர் நாளங்களே திரட்டி, கழுத்தடியில் மீண்டும் குருதியில் சேர்க்கின்றன. இவ்வோட்டத்துக்கு இதயம் போன்றதொரு இறைப்பி இல்லை. நாளச்சுவரின் சுருக்கமும் தசைகளின் அசைவும் நீரை மேலேற்ற, ஒருவழிக் கதவுகள் அது கீழிறங்காமல் காக்கின்றன. பாதத்திலிருந்து கழுத்துவரை நீளும் வடிகால் இது.

அவ்வடிகால் அடைபட்டால் என்னாகும் என்பதைக் குடந்தை நகரம் நெடுங்காலம் தன் கால்களில் சுமந்து காட்டியது. யானைக்கால் நோயையும் குடந்தையையும் சேர்த்துப் பேசிய தலைமுறை இன்னும் மறையவில்லை. எம் பாட்டியார் ஒருவர் திருமண வீடுகளுக்குச் செல்லாமலே வாழ்ந்து முடித்தார். சேலைக்கொசுவத்தால் பாதத்தை மறைத்தபடி அவர் அமர்ந்திருந்த திண்ணை மூலை எமக்கு நினைவிருக்கிறது. முற்பிறவி வினை என்றனர் உறவினர்.

வினையன்று, நீரே காரணம் என்பதற்கான குறிப்பு பழைய நூலிலேயே உண்டு. பழந்தண்ணீர் மிகுந்து எப்பருவமும் குளிர்ந்திருக்கும் நாடுகளில் இந்நோய் மிகும் என்கிறது சுசுருத சங்கிதை. 1872இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் மனிதக் குருதியில் நுண்புழுக்களைக் கண்டார். 1877இல் சீனத்து அமாய் நகரில் பாட்ரிக் மேன்சன் அவை கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். கொசு விழுந்த நீரைப் பருகுவதால் நோய் வருகிறது என்று அவர் கருதியது பிழை. கடியே காரணம் என்பது 1900இல் தெளிவாயிற்று. முதிர்ந்த புழுக்கள் நிணநீர் நாளங்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து அவற்றைச் சிதைக்கின்றன. நம் நாட்டில் குஞ்சுப்புழுக்கள் நள்ளிரவையொட்டியே குருதியில் மிகுதியாக உலவுகின்றன. எனவேதான் சுகாதாரப் பணியாளர் இரவில் வந்து விரல்நுனிக் குருதி எடுத்தனர்.

இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, தேங்கிய அழுக்குநீரில் பெருகுவது. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடைப்பட்ட ஊரில் நீர் வரும் வழிகள் ஏராளம். சாக்கடை வடியும் வழிகளோ குறைவு. ஊரின் வடிகால் அடைபட்டதே உடலின் வடிகாலை அடைத்தது.

1955இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 2004 முதல் நோய் பரவிய மாவட்டங்களில் வீடுதோறும் மாத்திரை வழங்கப்பட்டது. இன்று இளையோரிடம் வீங்கிய கால்களைக் காண்பது அரிது. ஆனால் மாத்திரை புழுவின் பரவலைத் தடுக்குமேயன்றி, சிதைந்த நாளத்தை மீட்காது. முதியோர்க்கு எஞ்சியிருப்பவை நாள்தோறும் காலைக் கழுவித் துடைத்தல், உயர்த்தி வைத்தல், அசைத்தல் ஆகியவையே. அவற்றுக்கு வீட்டாரின் துணை வேண்டும்.

அதை எம் பாட்டியார்க்கு நாம் செய்யவில்லை. அவர் காலில் நின்றது வினையன்று, வடியாத நீர் என்பதை அறியவே எமக்கு நாற்பது வயதாயிற்று.