நுளம்பும் கடிக்கும், கடிச்ச இடமும் கடிக்கும்

எங்கட தீவுப் பக்கம் நுளம்பும் கடிக்கும், அது கடிச்ச இடமும் கடிக்கும். சொல் ஒன்றுதான், வேலை இரண்டு. இரத்தம் உறையாமல் உறிஞ்சுவதற்காகப் பெண் நுளம்பு தன் எச்சிலைத் தோலுக்குள்ள விடுது. அதை எங்கட உடம்பு எதிர்க்கிறதுதான் தடிப்பும் சொறியும். சொறியச் சொறியக் கூடும். நகம் பட்டால் புண்ணாகும். சோப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணியை வைச்சு, கலமைன் பூசினால் அடங்கும்.

தோலில் அது அடங்கிவிடும். வரலாற்றில் அப்படி அடங்கவில்லை.

1934-35இல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. 1940களின் நடுவில் டி.டி.ரி. வந்தது, வீடு வீடாகச் சுவருக்கு மருந்து அடித்தார்கள். 1963இல் நாடு முழுக்கப் பதிவானது 17 பேர் மட்டும். வென்றாச்சு என்று கை தளர்ந்தது. 1968-69இல் நோயாளர் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். போர்க்காலத்தில் வடக்கு திரும்பவும் இந்தக் காய்ச்சலைச் சுமந்தது. 2012 ஒக்ரோபருக்குப் பிறகு உள்ளூர்த் தொற்று இல்லை. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே, கிணறுகளிலும் தாங்கிகளிலும் பெருகும் புதிய மலேரியா நுளம்பு மன்னாரில் பிடிபட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும்.

இதுக்கிடையில டெங்கு வந்துவிட்டது. 2017இல் மட்டும் நாட்டில் 186,000 பேருக்கு மேல். மலேரியா நுளம்பு இரவில் கடிக்கும், அதுக்கு வலை உதவும். டெங்கு நுளம்பு பகலில் கடிக்குது. பின்னேரம் போடுகிற வேப்பிலைப் புகையும், படுக்கும்போது கொளுத்துகிற நுளம்புத்திரியும் அந்த நேரத்துக்கு உதவாது.

"இது உப்புத் தண்ணி ஊர், டெங்கு நுளம்பு நல்ல தண்ணியிலதானே வரும்" என்ற நினைப்பு எங்களிடம் உண்டு. யாழ். பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து செய்து 2011இல் வெளியான ஆய்வு அதை உடைத்தது. இலங்கைக் கரையோரங்களில் லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் இருந்தன. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 35 கிராம். அவை இருந்த இடங்கள் எவை? வீசின போத்தல்கள், கைவிட்ட வள்ளங்கள், பாவிக்காத கிணறுகள்.

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என்று எங்க போனாலும் இவை மூன்றும் கண்ணில் படும். இடம்பெயர்ந்து போனவர்களின் வளவுகளில் கிணறுகள் ஆளில்லாமல் கிடக்குது. இருக்கிறவர்களோ குடிதண்ணிக்கு அலைந்து வாளியிலும் பரலிலும் சேர்த்து வைக்கிறார்கள். தட்டுப்பாடே நுளம்புக்குத் தொட்டில் கட்டிக் கொடுக்குது. ஆகவே "தண்ணி தேக்காதே" என்ற சுவரொட்டி இங்க பொருந்தாது. சேமிப்போம், ஆனால் இறுக்கி மூடுவோம்.

முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏறத்தாழ ஒரு கிழமை போதும். காய்ந்த பாத்திரத்தின் சுவரிலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோட இருக்கும். ஆகவே தண்ணியை ஊற்றினால் மட்டும் காணாது. கிழமைக்கு ஒருக்கால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேணும். பாவிக்காத கிணற்றுக்கு வலை மூடி, கரையில் கிடக்கிற வள்ளத்தைக் கவிழ்த்து வைப்பது, பகலில் நீளக்கைச் சட்டை.

1963இல் கை தளர்ந்தது ஒரு நாடு. இனித் தளரக்கூடாதது எங்கட வளவு.