வெளியுறவுக் கொள்கை: முடிவு எங்கே எடுக்கப்படுகிறது, நாம் எந்தக் கதவைத் தட்டுவது?

காஸா குறித்து ஐ.நா.வில் வாக்கெடுப்பு நடந்தால் 'இந்தியா எந்தப் பக்கம்?' என்று நம் வீடுகளில் பேசிக்கொள்கிறோம். வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளை கைதானால் யாரிடம் போவது என்று தெரியாமல் தவிக்கிறோம். ஹஜ் பயணத்திற்கு எத்தனை பேருக்கு இடம் என்பதையும் ஆண்டுதோறும் எதிர்பார்த்திருக்கிறோம். இவை மூன்றும் மத்திய அரசின் வெளியுறவுச் செயல்பாட்டோடு தொடர்புடையவை. அது எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம்.

யாருடைய அதிகாரம்?

அரசியல் சாசனத்தின் 7ஆவது அட்டவணையில் உள்ள மத்தியப் பட்டியலில் வெளிநாட்டு விவகாரம் 10ஆவது இடத்திலும், பிற நாடுகளுடனான ஒப்பந்தங்கள் 14ஆவது இடத்திலும், பாஸ்போர்ட்டும் விசாவும் 19ஆவது இடத்திலும் உள்ளன. வெளிநாட்டுப் புனிதப் பயணங்கள் 20ஆவது இடத்தில் உள்ளன. எனவே மாநில முதல்வர் டெல்லிக்குக் கடிதம் எழுதலாம், வலியுறுத்தலாம்; முடிவெடுக்க முடியாது.

முடிவெடுப்பவர்கள் பிரதமரும் வெளியுறவு அமைச்சரும் அமைச்சரவையும்தான். வெளியுறவுச் செயலாளரின் கீழுள்ள அதிகாரிகள் ஆலோசனைகளைத் தயாரிக்கிறார்கள். நேரு 1964இல் மறையும் வரை வெளியுறவுத் துறையைத் தம்மிடமே வைத்திருந்தார்.

நாடாளுமன்றத்தின் பங்கு என்ன?

நம் நாட்டில் வெளிநாட்டு ஒப்பந்தம் செய்ய நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் கட்டாயமில்லை. ஆனால் ஒப்பந்தத்தை நிறைவேற்ற உள்நாட்டில் சட்டம் தேவைப்பட்டால், 253ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் அதை இயற்றும்.

ஃபலஸ்தீன் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 1947இல் ஃபலஸ்தீனைப் பிரிக்கும் ஐ.நா. தீர்மானத்தை இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 1988இல் ஃபலஸ்தீன் நாட்டை அங்கீகரித்தது. 1992இல் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவைத் தொடங்கியது. 2023 அக்டோபர் 27 அன்று காஸா போர்நிறுத்தத் தீர்மானத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. டிசம்பர் 12 அன்று வந்த தீர்மானத்தை ஆதரித்தது. நியூயார்க்கில் கை தூக்குபவர் நம் தூதர். எப்படி வாக்களிப்பது என்ற உத்தரவு டெல்லியிலிருந்து போகிறது. இவற்றில் எதற்கும் சட்டப்படி நாடாளுமன்ற வாக்கெடுப்பு தேவையில்லை. ஆயினும் அரசிடம் கேள்வி கேட்கும் உரிமை எம்.பி.க்களுக்கு உண்டு. வெளியுறவு விவகாரங்களுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் இருக்கிறது.

செயலுக்கு வருவது எப்படி?

ஹஜ் நிர்வாகம் 2016இல் வெளியுறவு அமைச்சகத்திலிருந்து சிறுபான்மையினர் நல அமைச்சகத்திற்கு மாறியது. சஊதி அரசுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. 2025இல் இந்தியாவுக்குக் கிடைத்த இடங்கள் 1,75,025. அங்கே ஏற்பாடுகளைக் கவனிப்பது ஜித்தாவிலுள்ள இந்தியத் துணைத் தூதரகம்.

கைதானவர்களுக்கு 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை துணை நிற்கிறது. அதன் 36ஆவது பிரிவின்படி, கைதானவர் கேட்டுக்கொண்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் தர வேண்டும். எனவே 'என் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்' என்று கேட்கும்படி வெளிநாடு போகும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். தூதரகத்தால் தண்டனையை ரத்து செய்ய முடியாது. கைதியைச் சந்திக்கவும் வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யவும் முடியும். சஊதியுடன் 2010இலும் ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2011இலும் கைதிகளை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின. இவற்றின்படி எஞ்சிய தண்டனையைத் தாயகச் சிறையில் கழிக்க வாய்ப்புண்டு. அதற்குக் கைதியும் இரு நாடுகளும் சம்மதிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலை வீட்டில் வைத்திருங்கள். சிக்கல் வந்தால் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்திலும், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் எழுத்துமூலம் முறையிட்டுப் பதிவு எண் பெறுங்கள். அந்த எண்ணோடு உங்கள் தொகுதி எம்.பி.யை அணுகுங்கள். முறையீடு ஆவணமாக இருந்தால்தான் அவர் அமைச்சரிடம் எடுத்துச் செல்ல முடியும்.

தூர தேசத்தில் உழைக்கும் நம் சகோதரர்களை அல்லாஹ் பாதுகாப்பானாக. அவர்களுக்காக துஆ கேட்பதோடு, சரியான கதவைத் தட்டவும் நாம் கற்றுக்கொள்வோம்.