இரண்டு முறை மராமத்தான கோபுரம்

எங்கள் அலுவலகத்தில் பழைய மென்பொருள் எதுவும் மக்கர் செய்தால் யாராவது ஒருவர், "பேசாம மொத்தத்தையும் தூக்கிட்டு புதுசா எழுதிடலாம்" என்பார். பல வருடங்களாக அந்த யாரோ ஒருவர் நான்தான். பாரிஸிலுள்ள ஓர் அடுக்குமாடிக் கோபுரத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகு அப்படிச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அதன் பெயர் தூர் புவா-லெ-பிரெத்ர். நகரின் வடக்கு விளிம்பில், வளையச் சாலையை ஒட்டி, ரேமோன் லோபெஸ் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1960களின் தொடக்கத்தில் எழுந்தது. 50 மீட்டர் உயரம், 96 வீடுகள், குறைந்த வாடகைக்கு விடப்படும் பொதுக் குடியிருப்பு. உலகப் போருக்குப் பிறகு பிரான்ஸில் கடுமையான வீட்டுப் பஞ்சம். அச்சில் வார்த்த மாதிரி இத்தகைய கட்டடங்களை நகர ஓரங்களில் நட்டுக்கொண்டே போனார்கள். முப்பது வருடத்துக்குள் அவை பழசாகிவிட்டன.

இந்தக் கோபுரத்துக்கு முதல் மராமத்து 1990 வாக்கில் நடந்தது. குளிர் உள்ளே வராமல் இருக்க வெளிச்சுவருக்குப் பலகை போர்த்தினார்கள். போர்த்தியதில் ஜன்னல்கள் சிறுத்துப்போயின. பாரிஸையே பார்க்கக்கூடிய உயரத்தில் குடியிருந்துகொண்டு, ஒரு சின்னச் சதுரம் வழியாக எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. சாலையில் போகிறவர் கண்ணுக்குக் கட்டடம் புதுசாகத் தெரிந்திருக்கும்.

2003இல் பிரெஞ்சு அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது: பொதுக் குடியிருப்புகளில் இரண்டு லட்சம் வீடுகளை இடிப்பது, இரண்டு லட்சம் புதிதாகக் கட்டுவது, இன்னொரு இரண்டு லட்சத்தைச் சீர்செய்வது. அதாவது 'தூக்கிடலாம்' கட்சி அங்கே ஆளும் கட்சி. மறுவருடமே ஆன் லகாத்தோன், ஜான்-ஃபிலிப் வசால், ஃப்ரெடெரிக் துருவோ மூவரும் 'ப்ளுஸ்' என்றோர் ஆய்வை முன்வைத்தார்கள். 'கூடுதல்' என்று பொருள். ஒரு வீட்டை இடித்துக் கட்டும் காசில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளைப் பெரிதாக்கிவிடலாம், எதற்கு இடிக்கிறீர்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி.

புவா-லெ-பிரெத்ரில் அதைச் செய்துகாட்ட வாய்ப்பு வந்தது. 1990இன் பலகைப் போர்வையை உரித்தார்கள். வெளிச்சுவர் இருந்த இடத்தில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிக் கதவு. அதற்கும் வெளியே, தொழிற்சாலையில் முன்கூட்டியே செய்து எடுத்துவந்த கூடுகளைத் தளம் தளமாக, அவை சொந்தக் காலில் நிற்கும்படி அடுக்கினார்கள். ஆழம் மூன்று மீட்டர்: இரண்டு மீட்டருக்குக் கண்ணாடி அடைத்த தாழ்வாரம், ஒரு மீட்டருக்குப் பால்கனி. தாழ்வாரத்தில் தேங்கும் வெயில் குளிர்காலத்தில் வீட்டுக்குக் கதகதப்பு தரும். (நம்ம ஊரில் இதைச் செய்தால் அவிந்துபோவோம்.) சுமார் 8,900 சதுர மீட்டராக இருந்த கட்டடம் 12,000ஐத் தாண்டியது. செலவு 1.1 கோடி யூரோ சொச்சம். இடித்துக் கட்டினால் சுமார் 2 கோடி ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

2011இல் வேலை முடியும்வரை மக்கள் உள்ளேயே குடியிருந்தார்கள். திட்டமிடும்போதே குடும்பம் குடும்பமாகப் பேசி, பெரிய வீடு வேண்டியவர்களும் சின்ன வீடு போதும் என்றவர்களும் அதே கோபுரத்துக்குள் மாறிக்கொள்ள வழி வைத்தார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், சர்வரை நிறுத்தாமல் செய்த மைக்ரேஷன்.

இந்த உவமையோடு ரொம்ப நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தைப் பற்றிப் படித்தேன். அங்கேயும் இடிக்கவில்லை. அங்கேயும் ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டேதான் வேலை நடந்தது. 1974இல் கட்டி முடித்த அந்த 24 மாடிக் கட்டடத்துக்கு, 2016இல் முடிந்த மராமத்தில் புதிய போர்வை போட்டார்கள். துத்தநாகத் தகடு என்றிருந்த திட்டம், கிட்டத்தட்ட 3 லட்சம் பவுண்டை மிச்சம் பிடிப்பதற்காக, நடுவில் பாலிஎத்திலீன் வைத்த அலுமினியத் தகடாக மாறியது. 2017 ஜூன் 14, நள்ளிரவு தாண்டி, நான்காவது மாடியில் ஒரு ஃப்ரிட்ஜில் பிடித்த தீ அந்தத் தகட்டைப் பற்றிக்கொண்டு மேலே ஏறியது. 72 பேர் இறந்தார்கள். தீ ஆபத்தைப் பற்றி அங்கே குடியிருந்தவர்கள் முன்பே எச்சரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அத்தனை மரணங்களும் தவிர்த்திருக்கக்கூடியவை என்று 2024 செப்டம்பரில் இறுதி அறிக்கையை வெளியிட்டபோது விசாரணைத் தலைவர் சொன்னார்.

பாரிஸின் 1990 போர்வையும் லண்டனின் 2016 போர்வையும் எனக்கு ஒரே வரிசையில்தான் தெரிகின்றன. விளைவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டிலும் கட்டடத்துக்கு வெளியே நின்றுகொண்டு கோடு போட்டிருக்கிறார்கள். லகாத்தோன் குழுவின் திட்டமோ ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரிடமிருந்து தொடங்கி வெளியே வருகிறது. இடிப்பதா வேண்டாமா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்த எனக்கு இது பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று.

என் உவமை இங்கேதான் படுத்துவிடுகிறது. மென்பொருளில் தப்பு நடந்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடுவோம். பாரிஸில் அதற்கு இருபது வருடம் பிடித்தது. 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு கிரென்ஃபெல்லைத் தரைமட்டம்வரை பிரித்தெடுக்கப்போவதாக அறிவித்தது. உறவுகளைப் பறிகொடுத்தவர்களில் சிலர், அது அப்படியே நிற்கட்டும் என்றார்கள்.