கொலை முயற்சியும் எதிர்வாத உரிமையும்
ஆர்னல்ட், ஹட்பீல்ட் வழக்குகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொலைக் குற்றத்தில் உயிரிழப்பு என்னும் விளைவு கண்முன் கிடக்கின்றது. கொலை முயற்சிக் குற்றத்தில் அவ்விளைவு இல்லை. குண்டு தவறியிருக்கலாம், காயம் ஆறியிருக்கலாம். ஆகவே இத்தகைய வழக்கில் நீதிமன்றம் முதன்மையாக ஆராய வேண்டியிருப்பது எதிரியின் உள்ளத்தையே. அவன் கொல்லக் கருதினானா, கருதும் ஆற்றல் அவனுக்கு இருந்ததா என்னும் வினாக்களே வழக்கின் முடிவைத் தீர்மானிக்கின்றன. உள்ளத்தை எடுத்துரைக்க நா வேண்டும். தன் உள்ளத்தைத் தானே அறியாத ஒருவனுக்கு அந்நாவை வழங்குபவர் யார்? ஆங்கிலச் சட்ட வரலாற்றில் எழுபத்தாறு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு வழக்குகள் இவ்வினாவுக்கு முற்றிலும் மாறுபட்ட இரு விடைகளைத் தந்தன.

முதலாவது, 1724 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் விசாரிக்கப்பட்ட எட்வேட் ஆர்னல்ட் என்பவரின் வழக்காகும். இவர் ஒன்ஸ்லோ பிரபுவைத் துப்பாக்கியாற் சுட்டுக் காயப்படுத்தினார். பிரபு உயிர் பிழைத்தார். எனினும், அதற்கு முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட ‘கறுப்புச் சட்டம்’ ஒருவரைக் கருதிச் சுடுவதையே மரணதண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. ஆர்னல்ட் நெடுங்காலமாகச் சித்தம் பேதலித்தவர் என்பதற்குச் சாட்சிகள் இருந்தனர். பிரபு தம்மை மாயத்தால் வருத்துவதாகவும் தம் உடலினுள்ளே தீய உருக்களைப் புகுத்துவதாகவும் அவர் நம்பி வந்தார்.

அக்காலச் சட்டம் இத்தகையோருக்குத் தந்த பாதுகாப்பு மிகச் சிறிது. பாரதூரமான குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக நியாயதுரந்தரர் ஒருவர் யூரர் முன் நிகழ்வுகளைப் பற்றி வாதிடுவதைப் பொதுச்சட்டம் அனுமதிக்கவில்லை. உண்மையை எடுத்துரைக்கக் குற்றமற்றவனுக்குப் புலமை வேண்டியதில்லை என்பதும், நீதிபதியே எதிரியின் நலனைக் காப்பார் என்பதும் அதற்குக் கூறப்பட்ட நியாயங்களாகும். பித்தர் என்று சொல்லப்பட்ட ஒருவரே தாம் பித்தர் என்பதை நிறுவவேண்டிய விந்தையான நிலை இதனால் உருவாயிற்று. நீதிபதி டிரேசி யூரருக்கு வகுத்துரைத்த அளவுகோலும் கடுமையானது. குழந்தையையோ காட்டு விலங்கையோ போன்று, தான் செய்வது யாதென்றே அறியாதவன் மட்டுமே தண்டனையிலிருந்து தப்பலாம் என்றார் அவர். ஆர்னல்ட் குற்றவாளியாகக் காணப்பட்டு மரணதண்டனை விதிக்கப்பெற்றார். சுடப்பட்ட ஒன்ஸ்லோ பிரபுவே இரங்கி வேண்டியமையால் உயிர் தப்பி, எஞ்சிய வாழ்நாளைச் சிறையிற் கழித்தார். சட்டம் அளிக்காத பாதுகாப்பை, காயம்பட்டவரின் கருணை அளிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது வழக்கு 1800 ஆம் ஆண்டிற்குரியது. அவ்வாண்டு மே 15 ஆந் திகதி இரவு, இலண்டன் ட்ரூரி லேன் அரங்கினுள் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் நுழைந்தபோது, யேம்ஸ் ஹட்பீல்ட் என்னும் முன்னாட் படைவீரர் அவரை நோக்கிக் கைத்துப்பாக்கியாற் சுட்டார். குண்டு தவறியது. ஹட்பீல்ட் பிரான்சுக்கு எதிரான போரில் தலையிற் கொடிய வாள்வெட்டுக்களைப் பெற்று, பின்னர் சித்தசுவாதீனமின்மை காரணமாகப் படையிலிருந்து விலக்கப்பட்டவர். தாம் அரசின் கையால் மடிந்தால் உலகம் மீட்சி பெறும் என அவர் நம்பினார். தற்கொலை பாவமாதலின், சட்டமே தம்மைக் கொல்லுதல் வேண்டும் என்பதே அவர் நோக்கம். மன்னரைச் சுடுதல் அதற்குரிய நேர்வழியாக அவருக்குத் தோன்றியது.

மன்னரின் மரணத்தைக் கருதுதலே இராசத்துரோகமாதலின், ஹட்பீல்ட் மீது அக்குற்றமே சாட்டப்பட்டது. விந்தை யாதெனில், மிகப் பெரிய குற்றமான இதுவே எதிரிக்கு மிகப் பெரிய பாதுகாப்பையும் அளித்தது. பதினேழாம் நூற்றாண்டின் அரசியற் பூசல்களில் இராசத்துரோகக் குற்றச்சாட்டு எதிர்க்கட்சியினரை ஒழிக்கும் கருவியாகப் பயன்பட்டமையைக் கண்டு அஞ்சிய பாராளுமன்றம், 1696 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம் இத்தகைய எதிரிகளுக்குச் சில உரிமைகளை வழங்கியிருந்தது. குற்றப்பத்திரத்தின் பிரதியை முன்கூட்டியே பெறுதல், நியாயதுரந்தரர் மூலம் முழுமையாக வாதாடுதல் ஆகியன அவற்றுட் சில. பிரபுக்களும் அரசியல்வாதிகளும் தம்மைக் காக்கவென இயற்றிய கவசம், ஓர் ஏழைப் படைவீரருக்கு எதிர்பாராது பொருந்திற்று. அயலவர் ஒருவரை அவர் சுட்டிருந்தால் இக்கவசம் அவருக்குக் கிட்டியிராது.

ஹட்பீல்டுக்காக வாதாட முன்வந்தவர் தோமஸ் ஏர்ஸ்கின். 1792 இல் தோமஸ் பெயினுக்காக வாதாடியமையால் வேல்ஸ் இளவரசரின் சட்ட ஆலோசகர் பதவியை இழந்தவர் அவர். யூன் 26 ஆந் திகதி பிரதம நீதியரசர் கென்யன் பிரபு முன்னிலையில் விசாரணை தொடங்கியது. எதிரி துப்பாக்கியைப் பெற்றமை, மருந்து நிரப்பியமை, தக்க இடத்தைத் தெரிந்தமை ஆகியன அறிவுத் தெளிவின் சான்றுகள் எனச் சட்டமா அதிபர் தரப்பு வாதிட்டது. பழைய அளவுகோலின்படி இது வலுவான வாதமே.

ஏர்ஸ்கின் அவ்வளவுகோலையே கேள்விக்குள்ளாக்கினார். அறிவு முற்றாக அற்றவர்கள் உலகில் மிகச் சிலரே. பித்துற்றோரிற் பெரும்பாலோர் நினைவுடனும் ஒழுங்குடனும் சிந்திக்கின்றனர். ஆனால் அவர்களது சிந்தனை பொய்யானதோர் அடித்தளத்தின் மீது எழுகின்றது. அச்செயல் அம்மருட்சியிலிருந்தே நேரடியாகப் பிறந்ததாயின், செய்தவனைக் குற்றவாளியெனக் கொள்ளலாகாது என்பதே அவரது வாதத்தின் சாரம். மருத்துவர்கள் தலைக்காயத்தின் தன்மையை விளக்கினர். இரு நாட்களுக்கு முன்னர் ஹட்பீல்ட் தம் குழந்தையையே கொல்ல முனைந்தமையும் சாட்சியமாயிற்று. சாட்சிகள் அனைவரும் விசாரிக்கப்படுமுன்பே கென்யன் பிரபு வழக்கை நிறுத்தினார். பித்துநிலை காரணமாகக் குற்றவாளியல்லர் என யூரர் தீர்ப்பளித்தனர்.

இவ்வெற்றி உடனடியாக இருவகை எதிர்விளைவுகளைத் தோற்றுவித்தது. அதே ஆண்டிலேயே பாராளுமன்றம் இரு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று, பித்துநிலை காரணமாக விடுவிக்கப்படுவோரை மன்னரின் விருப்புள்ளவரை காவலில் வைத்திருக்க இடமளித்தது. அதன்படி ஹட்பீல்ட் 1841 இல் இறக்கும்வரை, ஏறத்தாழ நாற்பத்தொரு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். மற்றையது, மன்னர்மீது நேரடித் தாக்குதல் நடத்துவோரைச் சாதாரண கொலை வழக்கின் முறைப்படியே விசாரிக்கலாம் என விதித்தது. அதாவது, ஹட்பீல்டைக் காத்த கவசமே கழற்றி எடுக்கப்பட்டது. சமநிலையை ஏற்படுத்துவதற்கு இரு வழிகள் இருந்தன: பிரபுவுக்குரிய உரிமையை ஏழைக்கும் அளித்தல் ஒன்று, இருவரிடமிருந்தும் அதனைப் பறித்தல் மற்றொன்று. பாராளுமன்றம் 1800 இல் இரண்டாவது வழியையே தெரிந்தது. முதலாவது வழியை அது மேற்கொள்ள மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் சென்றன. பாரதூரக் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் நியாயதுரந்தரர் மூலம் யூரர் முன் வாதாடும் உரிமையை 1836 ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. பொருளற்ற எதிரிகளுக்குப் பொதுப் பணத்தில் வழக்காட வழிசெய்யும் சட்டம் 1903 இலேயே வந்தது.

ஏர்ஸ்கினின் கோட்பாடும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1843 இல் பிரதமர் பீலின் செயலாளரான எட்வேட் டிரமண்டைச் சுட்டுக்கொன்ற டானியல் மக்னோட்டன் விடுவிக்கப்பட்டபோது கண்டனம் எழுந்தது. அதன்பின் நீதியரசர்கள் வகுத்த விதிகள், செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ எதிரி அறிந்திருந்தானா என்னும் குறுகிய வினாவுக்குத் திரும்பின. இச்சிந்தனையே 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவைக்கும், அதனைத் தழுவிய 1883 ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைக்கும் வந்து சேர்ந்தது. பின்னையதன் 77 ஆம் பிரிவு சித்தசுவாதீனமின்மை பற்றியும், 300 ஆம் பிரிவு கொலை முயற்சி பற்றியும் கூறுகின்றன. தம் செயல் சட்டவிரோதமானது என்பதை ஹட்பீல்ட் நன்கறிந்திருந்தார். அதற்காகவே அதனைச் செய்தார். இவ்விதிகளைச் சொல்லுக்குச் சொல் கொள்ளின், அவர் தப்பியிருப்பாரா என்பது ஐயத்திற்குரியது.

இவ்வரலாற்றிலிருந்து புலப்படுவது ஒன்றுண்டு. ஆர்னல்டும் ஹட்பீல்டும் நோயால் வேறுபட்டவர்களல்லர். இருவரும் மருட்சியினாற் சுட்டவர்களே. ஒருவர் தாமே பேச வேண்டியிருந்தார். மற்றவருக்காகப் பேச ஒருவர் இருந்தார். பித்துநிலை பற்றிய விதி திருந்தியமையால் ஹட்பீல்டுக்கு எதிர்வாதம் வாய்க்கவில்லை. எதிர்வாதம் வாய்த்தமையாலேயே அவ்விதி சிறிது காலமேனும் திருந்திற்று. 1978 ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பு, குற்றஞ்சாட்டப்பட்ட எவரும் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ நேர்மையான விசாரணையிற் செவிமடுக்கப்படும் உரிமையை 13 ஆம் உறுப்புரையில் ஏற்றுக்கொண்டுள்ளது. அதே ஆண்டில் சட்ட உதவிக்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ‘தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ’ என்னும் அச்சிறு தொடரில் அடங்கியிருக்கும் தூரம், ஆர்னல்டுக்கும் ஹட்பீல்டுக்கும் இடைப்பட்ட தூரமேயாகும்.