உத்திரமேரூர் வாரிய விதிகள்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. இவற்றின் காலம் பொ.ஆ. 919, 921. குடவோலை முறையின் சான்றாகவே இவை பரவலாக அறியப்படுகின்றன. ஆனால் ஊர்ப் பொறுப்பில் இருப்பவரின் சொந்த நலனும் ஊர் நலனும் மோதாமல் காக்க வகுக்கப்பட்ட விதிகள் என்ற முறையிலும் இவை முதன்மையானவை. பாடநூல்கள் இந்தப் பக்கத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை.

அன்று உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்ட இவ்வூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணருக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர். மகாசபை அதை ஆண்டது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் எனத் தனித்தனிக் குழுக்கள் வேலைகளைப் பார்த்தன. ஏரியும் நிலமும் அறக்கொடையாக வந்த பொன்னும் இவர்கள் கையில் இருந்ததால், கணக்கு ஒப்புவிப்பது ஊருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

919ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும், அப்போதுதான் பொறுப்பிலிருந்து இறங்கியவர்களின் நெருங்கிய உறவினரும் பொறுப்புக்கு வர முடியாது. நெருங்கிய உறவினர் யார் என்று அது பட்டியலிடவில்லை. இரண்டே ஆண்டுகளில் விதிகள் திருத்தப்பட்டன. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவரை விலக்குகிறது. அதோடு நில்லாமல் அவருடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், தாய்மாமன், தகப்பனின் உடன்பிறந்தான், தன் உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், உடன்பிறந்தாளின் கணவன், அவள் பிள்ளைகள், மருமகன், தகப்பன், மகன் என ஒவ்வொருவராகச் சொல்லி விலக்குகிறது. முந்தைய விதியில் யாரோ புகுந்து தப்ப வழி இருந்திருக்க வேண்டும்; இவ்வளவு நீண்ட பட்டியலுக்கு வேறு காரணம் தோன்றவில்லை. பிறர் பொருளைக் கவர்ந்தவரும் பெரும்பாதகம் செய்தவரும் விலக்கப்பட்டனர்.

குலுக்கலும் ஐயத்துக்கு இடம் தராதபடி அமைந்தது. ஊரின் 30 குடும்புகளிலும் (பகுதிகளிலும்) தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டு, குடும்பு வாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறியோரும் பெரியோரும் கூடிய மகாசபையின் நடுவே, நம்பிமாரில் (கோயில் பூசகரில்) மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓர் ஓலைக்கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் போட்டுக் குலைக்கப்பட்டபின் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் (நடுவரிடம்) தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசிக்க வேண்டும். பிறகு அங்கிருந்த நம்பிமார் எல்லோரும் வாசிப்பர். விரல்களுக்கிடையே வேறோர் ஓலையை மறைத்து வைக்கக் கூடும் என்பதுவரை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

பதவிக்காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் உடனே நீக்கம். கணக்கெழுதுபவருக்கும் தனி விதி உண்டு: தான் எழுதிய கணக்கைத் தானே பெருங்குறியின் (மகாசபையின்) பெருமக்களிடம் காட்டி, நேர்மையானவர் என்று தெரிந்த பின்பே மீண்டும் எழுதலாம்.

வாரியப் பொறுப்பு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும் வேண்டும். அரைக்கால் வேலி உடையவர் கூடுதல் கல்வி பெற்றிருந்தால் சேரலாம். பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் இடமில்லை. எனவே இதை இன்றைய பொருளில் மக்களாட்சி என்பது மிகை. ஒரு சமூகம் தன் கைப்பொருளைக் காக்க எவ்வளவு கண்டிப்பாக இருந்தது என்பதற்கே இது சான்று.

1898இல் படியெடுக்கப்பட்ட இக்கல்வெட்டுகளைப் பற்றிக் கல்வெட்டறிஞர் வெங்கையா தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் எழுதினார். பின்னர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி விரிவாக ஆராய்ந்தார்.

இதே கவலை இன்றைய ஊராட்சிச் சட்டத்திலும் உண்டு. 73ஆம் அரசமைப்புத் திருத்தத்தை அடுத்து வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, ஊராட்சியுடன் நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் நலன் உடையவரைத் தகுதியிழப்புக்கு உள்ளாக்குகிறது. கிராம ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்தே கையொப்பமிட வேண்டும். ஒப்பந்தத் தகுதியிழப்பில், 921ஆம் ஆண்டுப் பட்டியலைப் போல மைத்துனனையும் மருமகனையும் பெயர் சொல்லி விலக்கும் வழக்கம் இல்லை. வேலை இன்னொருவர் பெயரில் இருந்தால், அதில் தலைவருக்கு நலன் உண்டென்று மெய்ப்பிக்கும் சுமை புகார் தருபவர் தலையில் விழுகிறது. உள்ளாட்சிப் பொறுப்பாளர்கள் மீதான முறைகேட்டுப் புகார்களை விசாரிக்க 2014இல் முறைமன்ற நடுவர் சட்டம் கொண்டுவரப்பட்டது.