கொழும்புத் திட்டம்

கொழும்புத் திட்டம் என்பது தெற்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் பொருளாதார, சமூக முன்னேற்றத்துக்காக 1951 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கூட்டுறவு ஏற்பாடு. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் மாநாட்டில் கருக்கொண்டதால் அந்நகரின் பெயர் இதற்கு அமைந்தது. ஆறு ஆண்டுகளுக்கென்று தொடங்கியது, பலமுறை நீட்டிக்கப்பட்டு, 1980இல் காலவரையறை இல்லாத அமைப்பாயிற்று. இதன் செயலகம் இன்றும் கொழும்பில் இயங்குகிறது.

அணை, மின்நிலையம், மருத்துவமனை, ரயில் இன்ஜின், மாணவர் உதவித்தொகை எனப் பல வடிவங்களில் இத்திட்டத்தின் உதவி ஆசியாவுக்கு வந்தது. ஆனால் வரலாற்றில் இதற்குரிய இடம் கொடுத்த பொருள்களின் பட்டியலால் கிடைத்ததன்று. கொடுப்பவர் திண்ணையில் உட்கார்ந்திருக்க, கேட்பவர் வாசலில் நிற்கும் முறையை மாற்றி, இருவரையும் ஒரே மேசையில் அமர்த்த முயன்ற முதல் ஏற்பாடுகளில் இது ஒன்று. அந்த முயற்சி எங்கே கைகூடியது, எங்கே தவறியது என்பதே கொழும்புத் திட்டத்தின் வரலாறு.

பின்புலம்

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஆசியா களைத்துக் கிடந்தது. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டிருந்தது. அண்டை நாடுகளுக்கு அரிசி அனுப்பிவந்த பர்மாவின் வயல்கள் போரில் பாழாகியிருந்தன. 1947இல் இந்தியாவும் பாகிஸ்தானும், 1948இல் பர்மாவும் இலங்கையும் விடுதலை பெற்றன. பிரிவினையின் அகதிகள், வெற்றுக் களஞ்சியங்கள், பயிற்சி பெற்ற ஆள்களின் பற்றாக்குறை ஆகியவற்றோடுதான் புதிய அரசுகள் பொறுப்பேற்றன.

இந்நாடுகள் வெறுங்கையோடு இருந்தன என்றும் சொல்ல முடியாது. போர்க்காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் பிரிட்டன் வாங்கிய பொருள்களுக்கான தொகை இலண்டனில் கடனாக வைக்கப்பட்டிருந்தது. ஸ்டெர்லிங் இருப்பு என்று அழைக்கப்பட்ட அந்தத் தொகையிலிருந்து ஆண்டுதோறும் விடுவிக்கப்பட்ட பணமும் பின்னர் கொழும்புத் திட்டத்தின் நிதிக் கணக்கில் சேர்ந்தது. வெளியிலிருந்து வந்த நிதி என்று எழுதப்பட்டதில் ஒரு பகுதி, பெற்றவர்களின் சொந்தச் சேமிப்பு.

உதவ முன்வந்த நாடுகளுக்கு அரசியல் நோக்கமும் இருந்தது. 1949 அக்டோபரில் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. வறுமை நீடித்தால் மற்ற ஆசிய நாடுகளும் அதே வழியில் செல்லும் என்று மேற்கு நாடுகள் அஞ்சின. ஐரோப்பாவை மீட்கும் மார்ஷல் திட்டம் 1948இல் தொடங்கியிருந்தது. பின்தங்கிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி தரப்படும் என அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1949 ஜனவரியில் அறிவித்திருந்தார். ஆனால் ஆசியாவுக்கென்று விரிவான ஏற்பாடு எதுவும் அதுவரை உருவாகவில்லை.

கொழும்பு மாநாடு

1950 ஜனவரி 9 முதல் 14 வரை மாநாடு நடந்தது. இலங்கைப் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க தலைமை தாங்கினார். இந்தியப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு, பிரிட்டனின் எர்னஸ்ட் பெவின், கனடாவின் லெஸ்டர் பியர்சன், ஆஸ்திரேலியாவின் பெர்சி ஸ்பெண்டர், பாகிஸ்தானின் குலாம் முகமது ஆகியோர் கலந்துகொண்டனர். பொருளாதார உதவி பற்றிய யோசனையை முன்னெடுத்தவர்களில் ஸ்பெண்டரும் இலங்கை நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்த்தனவும் முக்கியமானவர்கள். கொடுக்கவிருந்த நாட்டின் அமைச்சரும் பெறவிருந்த நாட்டின் அமைச்சரும் திட்டத்தின் பிறப்பிலேயே பங்கு கொண்டிருந்தனர்.

மாநாட்டின் பரிந்துரைப்படி அமைந்த ஆலோசனைக் குழு 1950 மே மாதம் சிட்னியில் முதன்முறையாகக் கூடியது. ஒவ்வொரு நாடும் தன் ஆறாண்டுத் தேவைகளைத் தானே எழுதித் தர வேண்டும் என்று முடிவாயிற்று. செப்டம்பரில் இலண்டனில் அவை தொகுக்கப்பட்டு, நவம்பர் 28 அன்று அறிக்கையாக வெளிவந்தன. ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா, இலங்கை, இந்தியா, நியூசிலாந்து, பாகிஸ்தான் ஆகிய ஏழும் தொடக்க உறுப்பு நாடுகள். திட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1951 ஏப்ரலில், பெவின் காலமானார்.

திட்ட அறிக்கை

அறிக்கையின் மொத்த மதிப்பீடு 186.8 கோடி பவுண்டு. இதில் இந்தியாவுக்கு 137.9 கோடி, பாகிஸ்தானுக்கு 28 கோடி, மலாயாவுக்கும் பிரிட்டிஷ் போர்னியோவுக்கும் சேர்த்து 10.7 கோடி, இலங்கைக்கு 10.2 கோடி. மொத்தத்தில் 108.4 கோடி பவுண்டு வெளியிலிருந்து வர வேண்டும் என்று கணக்கிடப்பட்டது. எஞ்சியதை அந்தந்த நாடே திரட்ட வேண்டும்.

பார்வைக்குப் பெரிய தொகை. ஆனால் 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மக்கள்தொகை 36 கோடி. அதை வைத்துப் பார்த்தால், ஆறு ஆண்டுகளுக்கும் சேர்த்துத் தலைக்கு நான்கு பவுண்டுகூட வரவில்லை. செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேளாண்மைக்கும் போக்குவரத்துக்கும் ஒதுக்கப்பட்டது. தொழிற்சாலையைவிடப் பாசனமும் பாதையும் முந்தின. சோறு கிடைக்க வேண்டும், விளைந்தது ஊர் சேர வேண்டும் என்பதே அன்றைய கவலை.

செயல்முறை

கொழும்புத் திட்டத்துக்குப் பொது நிதி கிடையாது. உதவி வேண்டும் நாடும் உதவும் நாடும் நேரடியாகப் பேசி உடன்பாடு செய்துகொண்டன. ஆலோசனைக் குழு உறுப்பு நாடுகளின் நகரங்களில் மாறிமாறிக் கூடி நடந்ததை ஆராய்ந்தது. பயிற்சியையும் நிபுணர் பரிமாற்றத்தையும் கவனிக்கத் தொழில்நுட்பக் கூட்டுறவு மன்றமும் ஒரு பணியகமும் கொழும்பில் அமைந்தன. தொழில்நுட்பப் பணிக்கென முதல் மூன்று ஆண்டுகளுக்கு 80 இலட்சம் பவுண்டு திட்டமிடப்பட்டது. கூட்டங்களில் கொடுக்கும் நாடு, பெறும் நாடு என்ற வேறுபாடு இல்லை. பெறும் நாடே கொடுக்கவும் செய்தது: இந்தியா தனக்கு உதவி பெற்றுக்கொண்டே நேபாளத்துக்கு உதவியது.

பணமாக வராத உதவி எப்படிப் பணமாயிற்று என்பதற்குக் கனடாவின் கோதுமை நல்ல எடுத்துக்காட்டு. கனடா கோதுமையை இந்தியாவுக்கு இலவசமாகத் தந்தது. இந்திய அரசு அதை மக்களுக்கு விற்றது. கிடைத்த ரூபாய் தனி நிதியாக வைக்கப்பட்டு, இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட வளர்ச்சிப் பணிக்குச் செலவானது. மயூராட்சி ஆற்றுப் பாசனத் திட்டத்துக்கு அப்படித்தான் நிதி வந்தது. ஒரே கோதுமை முதலில் பசியாற்றியது, பிறகு அணையாயிற்று.

முக்கியப் பணிகள்

மயூராட்சியின் குறுக்கே மசாஞ்சோரில் கட்டப்பட்ட அணையை 1955இல் லெஸ்டர் பியர்சன் திறந்துவைத்தார். அவ்வட்டார மக்கள் அதைக் கனடா அணை என்றே அழைக்கின்றனர். பாகிஸ்தானில் பெஷாவர் அருகே காபூல் ஆற்றின் மீது வார்சக் அணையும் கனடாவின் உதவியால் எழுந்தது.

தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் பெரிய அடையாளம் நீலகிரியின் குந்தா நீர்மின் திட்டம். அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களின் நீர் மலைச் சரிவில் இறங்கிக் குந்தாவிலும், அதற்குக் கீழே கெத்தையிலும் மின்சாரமாகிறது. ஒரு மின்நிலையத்தில் சுழன்ற நீரே அடுத்த நிலையத்துக்குப் போகும் அடுக்கு அமைப்பு இது. இயந்திரங்களையும் தொழில்நுட்ப உதவியையும் கனடா தந்தது. முதல் மின்நிலையங்கள் 1960இல் இயங்கத் தொடங்கின.

டெல்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம், எய்ம்ஸ், நியூசிலாந்து தந்த நிதியை முதலாகக் கொண்டு தொடங்கியது. 1952இல் அடிக்கல் நடப்பட்டது. 1956இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி தன்னாட்சி நிறுவனமாயிற்று. அன்றைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கவுரின் விடாமுயற்சி அதன் பின்னால் இருந்தது. ஒரு சிறிய நாடு தந்த விதைநெல் இவ்வளவு விளைந்ததற்கு இணையான சான்றுகள் குறைவு.

இலங்கைக்கு 1954 முதல் கனடா டீசல் ரயில் இன்ஜின்களை வழங்கியது. ஒன்டாரியோ மாகாணத்தில் இலண்டன் என்னும் ஊரில் செய்யப்பட்ட அவற்றுக்கு ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா எனக் கனடிய மாகாணங்களின் பெயர்களே சூட்டப்பட்டன. நீராவி இன்ஜின்கள் மெல்ல விடைபெற்ற காலத்தில் இலங்கைத் தண்டவாளங்களில் டீசல் யுகத்தைத் தொடங்கிவைத்தவற்றுள் இவையும் அடங்கும்.

மாணவர்கள்

கல்லையும் இரும்பையும்விட நெடுங்காலம் நின்றது கல்விப் பணி. கொழும்புத் திட்டம் என்றதும் இலங்கையிலும் மலேசியாவிலும் மூத்த தலைமுறையினருக்கு முதலில் நினைவுக்கு வருவது புலமைப்பரிசில்தான். பொறியியல், மருத்துவம், தாதியியல், வேளாண்மை, ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றுக்காக ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்தனர். ஆஸ்திரேலியா மட்டுமே 1980கள் வரை சுமார் 20,000 ஆசிய மாணவர்களைப் படிக்க வைத்தது. பின்னாளில் இந்தோனேசியாவின் துணை அதிபரான போடியோனோவும், சரவாக்கின் முதலமைச்சராக நெடுங்காலம் இருந்த தாயிப் மஹ்மூதும் அவ்வாறு படித்தவர்கள்.

இக்கல்வி இருபுறமும் நடந்தது. வெள்ளையர் அல்லாதோர் குடியேறுவதை ஆஸ்திரேலியா அப்போது சட்டத்தால் தடுத்துவந்தது. அந்நாட்டு வீடுகளில் தங்கிப் படித்த மாணவர்கள், ஒரே அடுப்படியில் சமைத்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, அச்சட்டத்தின் அடியிலிருந்த அச்சத்தைக் கரைத்தனர். 1966இல் தளர்த்தப்பட்ட அக்கொள்கை 1973இல் முற்றிலும் கைவிடப்பட்டது. அதற்குக் காரணங்கள் பல. இம்மாணவர்களின் பங்கை வரலாற்றாசிரியர்கள் தவறாமல் குறிப்பிடுகின்றனர்.

விரிவும் மாற்றமும்

அமெரிக்கா 1951இல் சேர்ந்தது. பர்மா, நேபாளம், இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் என உறுப்பு நாடுகள் பெருகின. ஜப்பான் 1954 அக்டோபர் 6 அன்று சேர முடிவெடுத்தது. போரில் தோற்று உதவி பெற்றுவந்த நாடு, உதவும் நாடாகத் தன்னை மாற்றிக்கொண்ட நாள் அது. ஜப்பான் அதைப் பன்னாட்டுக் கூட்டுறவு நாளாக நினைவுகூர்கிறது. 1962இல் சேர்ந்த தென் கொரியாவும் பின்னர் உதவும் நாடுகளின் வரிசைக்கு உயர்ந்தது. இந்தியா 1964இல் தனக்கென ஒரு தொழில்நுட்பக் கூட்டுறவுத் திட்டத்தைத் தொடங்கி, ஆசிய, ஆப்பிரிக்க நாட்டவர்க்குப் பயிற்சி அளிக்கலாயிற்று. பெற்றவர் கொடுப்பவராவதே உதவியின் நிறைவு என்றால், இத்திட்டத்தின் பெரும் வெற்றி இங்கேதான் இருக்கிறது.

1973இல் போதைப்பொருள் தடுப்புக்கான ஆலோசனைத் திட்டமும் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் உருவாயின. அக்கல்லூரி இப்போது மணிலாவில் உள்ளது. 1977இல் புதிய அமைப்பு விதிகள் ஏற்கப்பட்டு, பசிபிக் பகுதியும் திட்டத்தின் பெயரில் சேர்ந்தது. பனிப்போர் முடிந்த காலத்தில், 1990களின் தொடக்கத்தில், பிரிட்டனும் கனடாவும் விலகின. பெரிய அணைகளின் காலமும் அத்துடன் முடிந்தது. இன்று பயிற்சி, போதை மீட்பு, பெண்கள் முன்னேற்றம் ஆகியவையே இதன் முதன்மைப் பணிகள். ஆஸ்திரேலியா 2014இல் தொடங்கிய புதிய கொழும்புத் திட்டம் தனி ஏற்பாடு. அது ஆஸ்திரேலிய மாணவர்களை ஆசியாவுக்குப் படிக்க அனுப்புகிறது.

விமர்சனம்

மசாஞ்சோர் அணையின் நீர் வங்காளத்தின் வயல்களுக்குப் பாய்ந்தது. மூழ்கியவை அன்றைய பீகாரில், இன்றைய ஜார்க்கண்டில், தும்கா மாவட்டத்துச் சந்தால் பழங்குடியினர் ஊர்கள். ஒரே மேசையில் அமர்ந்த அரசுகள் சமமாகப் பேசின. அந்த ஊர்க்காரருக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை. கொழும்புத் திட்டத்தின் மீது வைக்கத்தக்க மிகக் கனமான குறை இதுவே.

கனடா இந்தியாவுக்குத் தந்த சைரஸ் அணு ஆய்வு உலை 1960இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. அமைதிப் பணிக்கென்று தரப்பட்ட அவ்வுலையில் கிடைத்த புளுட்டோனியம் 1974இல் இந்தியா பொக்ரானில் நடத்திய அணுவெடிப்புக்குப் பயன்பட்டது. கனடா அணுசக்தி உறவை முறித்துக்கொண்டது. உதவும் நாடுகள் தங்கள் நாட்டுச் சரக்கையே வாங்கச் செய்தன என்பதும், பனிப்போர்க் கணக்கு உதவியின் அளவைத் தீர்மானித்தது என்பதும் உண்மையான குறைகளே.

மரபு

கொழும்பில் அமர்ந்த பியர்சன், 1969இல் உலக வங்கிக்காக வளர்ச்சி உதவி பற்றி அறிக்கை அளித்தார். செல்வ நாடுகள் தம் தேசிய வருவாயில் 0.7 விழுக்காட்டை உதவியாகத் தர வேண்டும் என்ற அதன் பரிந்துரை 1970இல் ஐ.நா. பொதுச் சபையின் இலக்காயிற்று. அதை எட்டிய நாடுகளை இன்றும் விரல்விட்டு எண்ணிவிடலாம். 2015இல் ஐ.நா. ஏற்ற நிலைத்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளில் கடைசியானது, இவ்விலக்குகளை எட்டுவதற்கான உலகக் கூட்டாண்மை. கொழும்பு மேசையில் தொடங்கிய பேச்சின் தொடர்ச்சியே அது.

கனடா தந்த இன்ஜின்களில் 591 எண் கொண்டது மனிடோபா. 2004 டிசம்பர் 26 அன்று கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் சென்ற ரயிலை அதுதான் இழுத்துச் சென்றது. பெரலியவில் சுனாமி அந்த ரயிலைத் தூக்கியெறிந்தது. 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிதைந்த இன்ஜின் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பணிக்கு வந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் நினைவு ரயிலை இழுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போய் நின்றிருக்கிறது. தந்த நாடு திட்டத்திலிருந்து எப்போதோ விலகிவிட்டது. தந்த பொருளைப் பேணிப் பழுதுபார்த்து ஓடவைக்கும் கைகள் பெற்ற நாட்டில் இருந்தன. உதவி எவ்வளவு நாள் உயிரோடிருக்கும் என்பதை அக்கைகளே முடிவு செய்கின்றன.